பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்...

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் திரும்பிய பக்கமெல்லாம் கோச்சிங் சென்டர் போர்டுகள். ஜாவா, ஆரக்கிள், எஸ்ஏபி என்று படிக்க வருபவர்கள் பாட வீடியோக்களையும் சாஃப்ட்வேரையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அங்கே அண்ணன் காலத்து டெஸ்க்டாப்பில் செருகினால், காப்பி நகரவே நகராது. "இனி இது தேறாது, புதுசு வாங்கிடுங்க" என்ற பதில் மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது.

பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

காப்பி வேகம், பென் டிரைவைச் செருகும் யுஎஸ்பி போர்ட்டைப் பொறுத்தது. 1998-ல் வந்த யுஎஸ்பி 1.1-இன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 4 ஜிபி ஃபைலை அதில் ஏற்ற நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2000-ல் வந்த 2.0-இன் உச்சம் 480 மெகாபிட். பென் டிரைவ் ஈடுகொடுத்தால் அதே ஃபைல் இரண்டு, மூன்று நிமிடத்தில் ஏறிவிடும். 2.0 வசதியுள்ள கம்ப்யூட்டரே 1.1 வேகத்தில் முடங்கிக் கிடப்பதும் உண்டு. விண்டோஸை மறுபடி ஏற்றியபோது சிப்செட் டிரைவரைப் போடாமல் விட்டிருப்பார்கள். சில பழைய மதர்போர்டுகளின் பயாஸில் யுஎஸ்பி 'ஃபுல் ஸ்பீடு' என்று இருக்கும். அது 12 மெகாபிட்தான். 'ஹை ஸ்பீடு' என்று மாற்றினால்தான் 480.

கேபினெட்டின் முன்பக்க போர்ட், உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. வயர் தளர்ந்தாலோ மட்டமானதாக இருந்தாலோ வேகம் படுத்துவிடும். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதில் செருகிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. காலியாக பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் யுஎஸ்பி 3.0 கார்டும் போடலாம்.

பழைய மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்கிறார்கள். நியாயம்தான், லினக்ஸ் போட்டால் அதற்கும் வழி உண்டு.

காயலான் கடைக்குப் போகும் பெட்டிதான் பெரிய கவலை. 2022-ல் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மிச்சத்தில் எவ்வளவோ முறையற்ற பட்டறைகளுக்குப் போகிறது. செம்புக்காக அங்கே வயரை எரிக்கிறார்கள், பழைய போர்டுகளின் ஈயப் பற்றை வெறுங்கையால் உருக்குகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு. ஒரு டிரைவர் போட்டால் சரியாகிவிடும் கம்ப்யூட்டர் அந்தக் குவியலில் போய் விழுவதை எப்படி ஏற்பது? விற்பனைக் கடைகள் புது மாடலின் விலையைச் சொல்வதற்கு முன், பழைய பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.