ஒழுக்க ஷரத்தும் நடிகர் உரிமையும்

நடிகர்களையும் பாடகர்களையும் அமர்த்தும் கம்பெனிகள் தங்கள் ஒப்பந்தங்களில் 'ஒழுக்க ஷரத்து' என்ற ஒன்றைச் சேர்ப்பதுண்டு. கலைஞரின் நடத்தையால் பொது ஜனங்கள் அருவருப்படைந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்பது அதன் சாரம். ஒழுக்கம் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. பெருந்தொகை முடக்கிய முதலாளி, ஒருவரின் துர்நடத்தையால் நஷ்டமடைய வேண்டுமென்று எவரும் சொல்லார். ஆனால், அந்த ஷரத்தை எழுதும் முறையிலேயே நியாயமும் அநியாயமும் அடங்கியிருக்கின்றன.

அது பிறந்த வரலாறே தக்க எச்சரிக்கையாகும். 1921 செப்டம்பரில் அமெரிக்க ஹாஸ்ய நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள், சான் பிரான்சிஸ்கோ ஹோட்டலொன்றில் நடந்த விருந்துக்குப் பின் ஒரு நடிகை இறந்ததன் பேரில் கைது செய்யப்பட்டார். அதே மாதத்தில், ஜூரர் விசாரணை தொடங்குமுன்னரே, யுனிவர்ஸல் கம்பெனி இந்த ஷரத்தை வகுத்தது. சமூகத்தில் இழிவோ, வெறுப்போ, பரிகாசமோ விளைவிக்கக் கூடிய எதைச் செய்தாலும், ஐந்து நாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமென்று அது கூறிற்று. ஆர்பக்கிளோ மூன்றாம் விசாரணையில், 1922 ஏப்ரல் 12-ந் தேதி, நிரபராதியென விடுதலையானார். அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதென ஜூரர்களே எழுதிக் கொடுத்தனர். எனினும், ஆறே நாளில் படத்தொழில் அதிபர்கள் சங்கத் தலைவர் வில் ஹேஸ் அவருடைய படங்களுக்குத் தடை விதித்தார். அவ்வாண்டு இறுதியில் தடை நீங்கியும் பழைய ஸ்தானம் அவருக்குத் திரும்பவில்லை.

நடத்தைக்கென விரித்த வலை பிறகு அபிப்பிராயத்தையும் பிடித்தது. 1947-ல் கதாசிரியர் லெஸ்டர் கோல், அமெரிக்கப் பிரதிநிதி சபைக் கமிட்டியின் முன், தாம் கம்யூனிஸ்டா என்ற கேள்விக்கு நேர்விடை தர மறுத்தார். இத்தகைய ஷரத்தைக் காட்டியே கம்பெனி அவரைச் சம்பளமின்றி நிறுத்தியது. ஜூரர்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், 1950-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

அப்படியாயின், கோர்ட்டுத் தண்டனை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாமா? அதுவும் போதாது. தேசீயப் பாடல்களை மேடையில் பாடியதற்காக நடிகர் விசுவநாத தாஸ் அன்னிய ஆட்சியில் பலமுறை சிறை சென்றார். 'தண்டனை பெற்றால் ஒப்பந்தம் ரத்து' என்ற ஒரு வரியின்படி அவருடைய தியாகமே ஒழுக்கக்கேடாகிவிடும்! லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் தண்டிக்கப்பட்ட தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், பிரிவி கவுன்சில் தலையிட்ட பின், 1947-ல் நிரபராதிகளென விடுதலையானதையும் நாம் மறக்கலாகாது.

ஆகவே, ஷரத்தை வரைவோர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். 'இழிவு', 'அவமதிப்பு' என்ற பொதுச் சொற்களை விடுத்து, எச்செயல்கள் குற்றமென்பதைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். அரசியல் கருத்தும், அதன்பொருட்டு நேரும் சிறைவாசமும் அதில் அடங்கா என்று தெளிவாக எழுத வேண்டும். குற்றச்சாட்டு மட்டும் எழுந்தால், வேலையை நிறுத்தி வைக்கலாமேயன்றி ரத்து செய்யலாகாது. ரத்து செய்வதற்கு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு அப்பீலிலும் உறுதிப்பட்ட தண்டனை வேண்டும். தண்டனையில்லாத விஷயங்களில் முடிவு கூறுபவர் முதலாளியாக இராமல், இருதரப்பும் ஏற்ற மத்தியஸ்தராக இருக்க வேண்டும்.

செய்து முடித்த வேலைக்குரிய ஊதியத்தைத் திரும்பக் கேட்கலாகாது. நஷ்டஈடாக எவ்வளவு பெரிய தொகையைக் குறித்திருப்பினும், 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி அத்தொகை உச்சவரம்பேயாகும். அதற்குட்பட்டு நியாயமான ஈட்டையே நியாயஸ்தலம் வழங்கும். இதைப் பல நடிகர்கள் அறியாமலே கையெழுத்திடுகின்றனர்.

முதலாளியின் துர்நடத்தையால் நடிகரின் பெயர் கெடுமானால், அவருக்கும் விலகும் உரிமை வேண்டாமா? ஒழுக்கம் ஒரு தரப்புக்கு மட்டும் உரிய கடமையன்று. நடிகர் சங்கங்களும், அவர்களுக்கு யோசனை கூறும் வக்கீல்களும், கையெழுத்துக்கு முன்பே இவற்றை வற்புறுத்துவார்களென்று நம்புகிறோம்.