வாயிலில் நிற்கும் சர்வர்

பைதான் மொழியில் எழுதப்பெற்ற வலைச் செயலியை நேரே இணையத்தில் நிறுத்துவது உசிதமன்று. அதனை இயக்கும் குனிகார்ன் என்னும் சர்வரில், சாதாரண அமைப்பின்படி, ஒரு பணியாள் நிரல் ஒரு நேரத்தில் ஒரே வேண்டுகோளைத்தான் கவனிக்கும். மலைப்புறத்துக் கள ஊழியரொருவர், நலிந்த கைபேசி இணைப்பின் வழியே, நோயுற்ற பயிரின் படத்தை அனுப்புகிறார் என்று கொள்க. படம் வந்து முடியும்வரை அப்பணியாள் வேறெதற்கும் உதவாது. 30 விநாடி கடந்ததும் பணியாளே நிறுத்தப்படும். படமும் பாதியில் போய்விடும். ஊழியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இக்குறையை நீக்குவது ரிவர்ஸ் பிராக்ஸி. ரஷ்யப் பொறியாளர் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட எஞ்ஜின்எக்ஸ் இவ்வகையினது. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருங்கே தாங்கி, மெல்ல வருவதை முழுமையாகச் சேர்த்த பின்னரே அது பைதானிடம் ஒப்படைக்கும். குனிகார்ன் 127.0.0.1 என்னும் உள்முகவரியில், 8000 என்ற போர்ட்டில் மட்டும் செவிசாய்த்தால் போதும். வெளியார் அதனை நேரே அணுக இயலாது.

ஆயினும், இடையில் ஒருவர் நிற்பதால், அனுப்பியோர் அனைவரும் 127.0.0.1-இலிருந்தே வந்தவராகச் செயலிக்குத் தோன்றுவர். மெய்யான முகவரியை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்னும் தலைப்பில் சேர்த்தனுப்புமாறு எஞ்ஜின்எக்ஸுக்குக் கட்டளையிடல் வேண்டும். திரையில் ‘502’ தோன்றினால் எஞ்ஜின்எக்ஸை நோவதில் பயனில்லை. பெரும்பாலும் பின்னாலுள்ள குனிகார்ன்தான் நின்றுபோயிருக்கும்.