மரம் ஏற்றும் பழைய இயந்திரம்: வாங்குமுன் காண வேண்டியவை

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் தைலமரமும் சவுக்கும் பயிரிடும் அங்கத்தினர் சிலர், டிராக்டருடன் இணைத்து மரத்துண்டுகளை ஏற்றும் சிறு இயந்திரமொன்றைப் பழையதாக வாங்கி, சங்கத்தின் பெயரால் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கின்றனர். கேள்வி நியாயமானதே. வெட்டுக் காலத்தில் மரம் ஏற்ற ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட பச்சைத் தைலமரத் துண்டு ஒன்று சுமார் 50 கிலோ எடையிருக்கும். பட்டையுரித்தபின் அது கையில் வழுக்கும். அதனைத் தலைக்குமேல் உயர்த்தி டிரெய்லரில் அடுக்குவோரின் இடுப்பும் தோளும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை நாம் அறிவோம்.

நெசவாள அங்கத்தினர்கள் இக்கட்டுரையைத் தாண்டிச் செல்லாதிருக்க வேண்டுகிறேன். சங்கத்தின் பணம் இரு சாராருக்கும் பொது. அன்றியும், பழைய தறி வாங்கச் செல்லும் நெசவாளி வார்னிஷைப் பார்ப்பதில்லை. சட்டம் சதுரமாக நிற்கிறதா, படைமரம் வளைந்திருக்கிறதா என்றே பார்ப்பார். பழைய இயந்திரத்திற்கும் அந்தக் கண்தான் வேண்டும்.

நமது மாவட்டத்தில் மரக்கூழுக்கான மரம் புதிய பயிரன்று. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் காடுகளில் அதன் தைலமரத் தோட்டங்கள் பரந்துள்ளன. 1979-இல் தோன்றிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டத்தில் ஆலை நிறுவியது. மணப்பாறைக்கருகே மொண்டிப்பட்டியில் அதன் அட்டை ஆலை 2016-இல் இயங்கத் தொடங்கியது. தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற மனக்குறை நமது உழவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அதனை நான் அலட்சியம் செய்யவில்லை. அது தனியே விவாதிக்க வேண்டிய பொருள். ஏற்கெனவே நிற்கும் மரத்தை எப்படி ஏற்றுவது என்பதே இங்குக் கேள்வி.

ஆனைமலையில் ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்டனர். அவ்விடத்திற்கு டாப்ஸ்லிப் என்ற பெயர் அதனால் வந்தது. இழுத்து அடுக்க யானைகள் இருந்தன. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் தூக்குக்கை பிந்தியது. சுவீடனில் ஹூடிக்ஸ்வால் என்ற ஊரில் பனிச்சறுக்குப் பலகை செய்துவந்த எரிக் சுண்டீன் என்பவர், லாரியின் எஞ்சின் சக்தியைக் கொண்டே பாரம் தூக்கலாம் என்று கருதி, 1944-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் ஹையாப் தூக்கிகள் அதன் வழிவந்தவை. தத்துவம் இன்றும் அதுவே: எஞ்சின் பம்பைச் சுழற்றுகிறது, பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, சிலிண்டர் நீண்டு கையை உயர்த்துகிறது, கையின் நுனியிலுள்ள கவ்வி மரத்தைப் பற்றுகிறது.

இவ்வகையில் நமக்குக் கிடைக்கக்கூடியவை மூன்று. டிராக்டரின் முன்புறத்தில் பொருத்தும் கவ்வி மலிவானது. ஆனால் ஒவ்வொரு சுமைக்கும் டிராக்டரே முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஈர நிலத்தில் முன்சக்கரம் புதையும். கரும்பு ஏற்றும் தனி இயந்திரம் வேகமானது. அதற்கென்று ஓர் எஞ்சினையும் ஓட்டுநரையும் ஆண்டு முழுதும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். டிராக்டரின் பின்புறத்திலோ டிரெய்லரின் முனையிலோ நிற்கும் சிறு தூக்குக்கைதான் நமது நிலைமைக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். வரப்பருகே நிறுத்திவிட்டு இரு கால்களையும் ஊன்றினால், நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் உள்ள துண்டுகளை எடுக்கலாம்.

அதன் பலத்தை விற்பவர் "ஒரு டன் தூக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எவ்வளவு தூரத்தில் என்று கேட்க வேண்டும். கை ஒட்டி இருக்கையில் ஒரு டன் தூக்குவது, நான்கு மீட்டர் நீட்டினால் அதிற் பாதியைக்கூடத் தூக்காமற் போகலாம். கணக்கு இதுதான். கவ்வியின் வாய் 0.2 சதுர மீட்டர் என்றால், மூன்று மீட்டர்த் துண்டுகளை நிரம்பப் பற்றும்போது, இடைவெளி போக, சுமார் 400 கிலோ வரும். கவ்வியும் அதைச் சுழற்றும் உறுப்பும் சேர்ந்து 150 கிலோ என்று கொள்வோம். ஆகமொத்தம் 550 கிலோவை நான்கு மீட்டரில் தூக்க வேண்டும். அது முடியாதெனில் சிறிய கவ்வி போதும். பெரிய கவ்வியை ஏற்று கையை முறிக்க வேண்டியதில்லை.

அடுத்தது நமது டிராக்டர். அதன் சொந்தப் பம்பு நிமிஷத்திற்குச் சுமார் 20 முதல் 40 லிட்டர் வரை எண்ணெய் தரும். நாற்பது லிட்டரும் 180 பார் அழுத்தமும் வேண்டும் இயந்திரம் 12 கிலோவாட், அதாவது 16 குதிரைச் சக்தியை விழுங்கும். டிராக்டரின் பம்பு அவ்வளவு தராவிட்டால் கை நத்தைபோல் நகரும். பின்புறத் தண்டில் தனிப் பம்பு பொருத்த வேண்டிவரும். அந்தச் செலவை விலையோடு கூட்டிக்கொள்க. முன்சக்கரத்தின் மேல் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் நிற்க வேண்டும். இல்லையேல் திருப்பும்போது திசை கேளாது, சரிவில் குடைசாயும்.

ஒரு சங்கத்தின் கணக்கைப் பரிசீலிக்கச் சென்றபோது கொட்டகையில் இத்தகைய இயந்திரம் ஒன்று கிடந்தது. மஞ்சள் வண்ணம் பளபளத்தது. அது மரம் ஏற்றியது பதினொரு நாளே. தூணின் அடியில் பற்றவைத்த இடம் முன்பே விண்டிருந்ததை மெழுகி, மேலே வண்ணம் பூசி விற்றிருக்கின்றனர். பன்னிரண்டாம் நாள் கை சாய்ந்தது. கீழே ஆள் இல்லாதது தெய்வச் செயல். வாங்கப் போன இரு நிர்வாகஸ்தரும் நேர்மையானவர்களே. அவர்கள் பார்த்தது வண்ணத்தை.

ஆகவே முதலில் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துச் செல்க. தூணின் அடி, கை மடங்கும் முழங்கால், சிலிண்டர் பொருந்தும் காது ஆகிய இடங்களைத் துடைத்துப் பார்க்கவும். விரிசல் இருந்தால் துரு நிறத்தில் மயிரிழை போலக் கோடு தெரியும். அவ்விடங்களில் மட்டும் புது வண்ணம் இருந்தால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள். கையின் நுனியைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால், ஆணிகளும் புஷ்களும் தேய்ந்திருப்பது ஆட்டத்தில் தெரியும். சிறு ஆட்டம் புஷ் மாற்றினால் தீரும்; துளையே முட்டை வடிவானால் பட்டறைச் செலவு பெரிது. சிலிண்டரின் வெள்ளித் தண்டில் கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் புதிய சீல் போட்டாலும் சில வாரத்தில் கிழியும்.

எண்ணெயைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்தது. கறுத்துத் தீய்ந்த நாற்றம் அடித்தால் சூடேறி உழைத்தது. வடிகட்டியைக் கழற்றி, மினுக்கும் உலோகத்தூள் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இருந்தால் பம்போ மோட்டாரோ தேய்கிறது. பின்னர், காலையில் குளிர்ந்த நிலையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லவும். நாம் போகுமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். மரத்தைப் பற்றி உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, கையின் உயரத்தை அருகிலுள்ள கம்பத்தில் சுண்ணக்கட்டியால் குறித்துப் பத்து நிமிஷம் காத்திருங்கள். சிறிது இறங்குவது இயல்பு. சாணளவு இறங்கினால் சிலிண்டரோ வால்வோ கசிகிறது. மணிக்கணக்குக் கருவியை நம்பவேண்டாம். இயக்கும் பிடிகளின் தேய்மானம் அதைவிட உண்மை சொல்லும்.

சீல், ஹோஸ் போன்றவை அளவு சொன்னால் திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் கிடைக்கும். வெளிநாட்டு வால்வும் திருப்பும் மோட்டாரும் அப்படியல்ல. அவற்றின் எண் தகட்டைக் குறித்துக்கொண்டு, மாற்று கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

இவையெல்லாம் தேறினாலும், வேலை இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. இயந்திரம் ஐந்து லட்சம் என்றும், வட்டி ஆண்டுக்கு ஐம்பதாயிரம், தேய்மானம் எழுபதாயிரம், பழுது ஐம்பதாயிரம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,70,000 ரூபாய். நாளுக்கு 30 டன் வீதம் 80 நாள் ஓடினால் 2,400 டன். டன்னுக்கு 71 ரூபாய். முப்பதே நாள் ஓடினால் டன்னுக்கு 189 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் இதற்குமேல். ஏக்கருக்கு 30 டன் என்று வைத்தால் 2,400 டன்னுக்கு ஆண்டுதோறும் 80 ஏக்கர் வெட்டு வேண்டும். ஐந்தாண்டுச் சுழற்சிக்கு 400 ஏக்கர். நமது அங்கத்தினரிடம் அவ்வளவு மரம் இருக்கிறதா? ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் இளகி வண்டி இறங்காது. அந்நாட்களைக் கழித்துவிட்டே எண்ண வேண்டும். குறைவெனில் அடுத்த ஊர்ச் சங்கத்துடன் சேர்ந்து வாங்குவதோ, வாடகைக்கு எடுப்பதோ மேல். இப்போது மரம் ஏற்றுவோரும் பெரும்பாலும் நம்மவரே. அவர்களுள் இருவரை இயக்கப் பழக்கி, மற்றவர்க்கு அடுக்கும் வேலையை உறுதி செய்யாமல் இயந்திரத்தை இறக்கினால் ஊரில் பகை மூளும்.

பாதுகாப்பில் ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன். நமது கொல்லைகளில் மோட்டார்க் கிணறுகளுக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்து செல்கிறது. நீட்டிய கை அதைத் தொட்டால் ஓட்டுநர் பிழைப்பது அரிது. மேலே கம்பி உள்ள இடத்தில் ஏற்றக்கூடாது என்று வாடகைப் படிவத்திலேயே எழுத வேண்டும்.

காகிதங்களில், விற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கான ரசீதும், டிராக்டரோடு வாங்கினால் பதிவுப் புத்தகத்தில் வங்கிக் கடன் நீக்கப்பட்ட குறிப்பும் தேவை. சொந்த விவசாயத்திற்கென்று பதிவான டிராக்டரை வாடகைக்கு அனுப்பினால், விபத்தில் இன்ஷூரன்ஸ் தகராறாகும். நிர்வாகக் குழுவின் தீர்மானமும் ஒப்புநோக்கிய விலைப்புள்ளிகளும் இல்லாமல் வாங்கி நஷ்டம் நேர்ந்தால், 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு அந்நஷ்டத்தைப் பொறுப்பானவர்களிடமே வசூலிக்க வழி செய்கிறது. விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, நமது டிராக்டரில் பூட்டி முதல் ஐம்பது டன் ஏற்றிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளலாம். இதற்கு ஒப்பாத விற்பனையாளரும் உண்டு. அப்போது நமக்குப் போய்வந்த பஸ் செலவோடு போகும்.