ஒட்டும் பொறுமையும்

துவிச்சக்கர வண்டியைத் தானே திருத்துபவனுக்கு முதற் பகை அவசரமே என்பது என் அநுபவம். 1888ஆம் ஆண்டில் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப் என்னும் கால்நடை வைத்தியர், சுகத்தோடு இச்சோதனையையும் நமக்கு அளித்தார். நீரில் அமிழ்த்திய ரியூபில் குமிழி எழும் இடத்தை எளிதிற் கண்டுவிடலாம். ரயரினுள் ஒளிந்திருக்கும் முள்ளைத் தடவித் தேடுவதே பெரும்பாடு. முள்ளை விட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால் மீண்டும் ஒட்டவேண்டும். பசை காயுமுன் ஒட்டினாலோ ஒட்டு நில்லாது.

1990களின் முற்பகுதியில், எரிபொருளுக்குத் தடையிருந்த யாழ்ப்பாணத்தில், நோயாளரையும் விறகையும் சுமந்தது இவ்வண்டியே. அன்று அதனைத் திருத்தத் தெரிந்த கை குடும்பத்தையே காத்தது. இன்று கடையிற் கொடுத்தால் விரைவில் முடியும். எனினும், கறைபடிந்த விரலால் ரயரை அமுக்கி, காற்று நிற்கிறதென்று அறியும் மகிழ்ச்சியை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.