ஆயுதக் களைவும் பொருளாதார அபிவிருத்தியும்: மஹ்பூபுல் ஹக் எழுப்பிய வினா

ஆயுதங்களுக்காகச் செலவிடப்படும் செல்வம் மீதப்படுத்தப்படுமாயின் அது வறுமையை ஒழிக்கப் பயன்படும் என்பது, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் சர்வதேச அரங்குகளில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டு வந்துள்ள ஒரு கருத்தாகும். கேட்ட மாத்திரத்தில் இது மறுக்க முடியாத உண்மையாகவே தோன்றுகின்றது. எனினும், கடந்த எழுபது ஆண்டுகால அனுபவத்தைக் கூர்ந்து நோக்கும்போது, ஆயுதக் குறைப்பைத் தொடர்ந்து அபிவிருத்தி தானாகவே வந்து சேர்வதில்லை என்பது புலனாகின்றது. எந்தச் சூழ்நிலைகளில் அது வந்து சேர்ந்தது, எங்கு வரத் தவறியது, தவறியமைக்கான காரணங்கள் யாவை என்பவற்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஸ்டாலின் மறைந்து ஆறு வாரங்களின் பின்னர், 1953 ஏப்ரல் 16ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பத்திரிகை ஆசிரியர்களின் கூட்டமொன்றில் உரை நிகழ்த்தினார். நவீன குண்டுவீச்சு விமானம் ஒன்றின் விலை, முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒவ்வொரு பாடசாலைக் கட்டடம் எழுப்பும் செலவுக்குச் சமமானது என அவர் கணக்கிட்டுக் காட்டினார். இராணுவத் தளபதியாக இருந்து ஜனாதிபதியான ஒருவரின் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் அவை பெரிதும் கவனத்தை ஈர்த்தன. ஈராண்டுகளின் பின்னர், 1955இல் ஜெனீவாவில் நடைபெற்ற வல்லரசுத் தலைவர்களின் மாநாட்டில் பிரான்ஸின் பிரதமர் எட்கார் ஃபோர், இராணுவச் செலவைக் குறைத்து அவ்வாறு பெறப்படும் நிதியை வறிய நாடுகளின் அபிவிருத்திக்கான ஒரு சர்வதேச நிதியத்தில் சேர்க்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். 1978இல் ஆயுதக் களைவு தொடர்பான ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அமர்வின்போது பிரான்ஸ் அதே யோசனையைப் புதுப்பித்தது. சுவீடனைச் சேர்ந்த இங்கா தோர்சன் தலைமையிலான நிபுணர் குழு 1981இல் தனது ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஆயுதப் போட்டியைத் தொடர்வதும் நீதியான அபிவிருத்தியை அடைவதும் ஒரே நேரத்தில் இயலாதவை, உலகம் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும் என்பதே அதன் முடிவாகும்.

இம்முயற்சிகளின் உச்சமாக 1987 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நியூயோர்க்கில் ஆயுதக் களைவுக்கும் அபிவிருத்திக்கும் இடையிலான தொடர்பு பற்றிய சர்வதேச மாநாடு கூட்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா அதில் கலந்துகொள்ள மறுத்தது. இரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது. இறுதி ஆவணம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால், நிதியம் மாத்திரம் நிறுவப்படவில்லை. ஈரானும் ஈராக்கும் எட்டு ஆண்டுக்காலம் தமது எண்ணெய் வருமானத்தைப் போர்க்களத்தில் எரித்துக்கொண்டிருந்த காலப்பகுதி அது என்பதையும், அவ்விரு தரப்புகளுக்கும் ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கு நாம் மறந்துவிடலாகாது.

இவ்வரலாற்றில் தனிச்சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் கலாநிதி மஹ்பூபுல் ஹக் ஆவார். 1934இல் ஜம்முவில் பிறந்து, நாட்டுப் பிரிவினையின்போது குடும்பத்துடன் லாஹூருக்குப் புலம்பெயர்ந்த அவர், கேம்பிரிட்ஜில் அமர்த்யா சென்னுடன் ஒன்றாகப் பயின்றவர். பாகிஸ்தான் திட்டமிடல் ஆணைக்குழுவின் பிரதம பொருளியலாளராக இருந்த அவரே, நாட்டின் கைத்தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருபத்திரண்டு குடும்பங்களின் கைகளில் குவிந்துள்ளது என்பதை 1968இல் பகிரங்கமாக அறிவித்தவர். பின்னர் உலக வங்கியில் பணியாற்றினார். ஜெனரல் ஸியாஉல் ஹக்கின் ஆட்சிக் காலத்தில் திட்டமிடல், நிதி ஆகிய அமைச்சுப் பொறுப்புகளை வகித்தார். இராணுவம் தனது பங்கை எடுத்துக்கொண்ட பின்னர் பாடசாலைகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் எவ்வளவு எஞ்சுகின்றது என்பதை நிதியமைச்சரின் மேசையில் அமர்ந்து கண்டவர் அவர். எனவே, பிற்காலத்தில் அவர் எழுதியவற்றை வெறும் நூலறிவின் விளைவாகக் கொள்ள முடியாது.

1990இல் அவர் ஆரம்பித்த ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் மனித அபிவிருத்தி அறிக்கை, ஒரு நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தால் மாத்திரமன்றி ஆயுட்காலம், கல்வி ஆகியவற்றாலும் அளக்கும் முறையை உலகுக்கு வழங்கியது. 1994ஆம் ஆண்டின் அறிக்கையில் அவர் இராணுவச் செலவைக் கையில் எடுத்தார். அங்கு பொதுப்படையான அறிவுரைகளுக்குப் பதிலாக நாடுகளின் பெயர்களும் கொள்வனவுகளும் பட்டியலிடப்பட்டிருந்தன. ரஷ்யாவிடம் இந்தியா கோரிய 20 மிக்-29 விமானங்களின் விலை, அந்நாட்டில் பாடசாலை செல்லாத 15 மில்லியன் சிறுமியர் அனைவருக்கும் அடிப்படைக் கல்வி வழங்கப் போதுமானதாகும். பிரான்ஸிடம் பாகிஸ்தான் கோரிய 40 மிராஜ் விமானங்களுக்கான தொகையை உள்ளடக்கிய கொள்வனவு, சுத்தமான குடிநீரற்ற 55 மில்லியன் மக்களுக்கு ஈராண்டுகளுக்கு நீர் வழங்கவும், பாடசாலை செல்லாத 12 மில்லியன் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கவும் போதுமானதாகும். பிரித்தானியாவிடம் மலேசியா வாங்கிய இரு போர்க்கப்பல்களும் அப்பட்டியலிலிருந்து தப்பவில்லை. தனது சொந்த நாட்டை அவர் விலக்கி வைக்கவில்லை என்பது கவனத்திற்குரியது. வறிய நாடுகளுக்கான ஆயுத விநியோகத்தின் மிகப் பெரும் பகுதி பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளிடமிருந்தே வருகின்றது என்பதையும் அவ்வறிக்கை மறைக்காமல் எடுத்துரைத்தது.

ஆயினும், அவ்வறிக்கையின் மிக முக்கியமான பகுதி வேறொன்று என நாம் கருதுகின்றோம். 1987 முதல் 1994 வரை உலக இராணுவச் செலவு ஆண்டுதோறும் சராசரியாக 3.6 வீதம் வீழ்ச்சியடைந்தது. இதனால் மொத்தமாக 935 பில்லியன் டொலர் மீதமாகியது. அதனையே அறிஞர்கள் 'சமாதானத்தின் இலாபப் பங்கு' என்றழைத்தனர். அந்தத் தொகை எங்கே சென்றது? மஹ்பூபுல் ஹக்கினால் அதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இராணுவச் செலவின் வீழ்ச்சிக்கும் மனித அபிவிருத்திச் செலவின் உயர்வுக்கும் இடையே தெளிவான தொடர்பு எதனையும் காட்ட இயலவில்லை என அறிக்கை ஒப்புக்கொண்டது. வளர்முக நாடுகளுக்கான உதவியும் அதிகரிக்கவில்லை. பெரும்பாலான அரசாங்கங்கள் மீதமான பணத்தை வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையை ஈடுசெய்யவே பயன்படுத்தின. எனவேதான், ஆண்டுக்கு 3 வீதக் குறைப்பை நாடுகள் இலக்காக ஏற்று, சேமிப்பில் ஒரு பகுதியை மனிதப் பாதுகாப்புக்கான உலக நிதியம் ஒன்றுக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார். ஒதுக்கப்படாத சேமிப்பு காணாமற் போகும் என்பதே அவரது வாதத்தின் சாரமாகும். ஃபோரின் நிதியத்துக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது.

1998 மே மாதம் 11ஆம், 13ஆம் திகதிகளில் இந்தியாவும், 28ஆம், 30ஆம் திகதிகளில் பாகிஸ்தானும் அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்தின. பாகிஸ்தான் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தி, மக்களின் வெளிநாட்டு நாணயக் கணக்குகளை முடக்கியது. ஆயுதத்தின் விலை வங்கிச் சேமிப்பிலிருந்து அறவிடப்படுவதைச் சாதாரண குடும்பங்கள் நேரடியாகக் கண்டன. ஜூலை 16ஆம் திகதி மஹ்பூபுல் ஹக் நியூயோர்க்கில் காலமானார்.

இனி, இக்கருத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். 1973இல் எமில் பெனுவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 44 வளர்முக நாடுகளை ஆராய்ந்து, அதிக பாதுகாப்புச் செலவு கொண்ட நாடுகளே விரைவாக வளர்ந்துள்ளன என்ற வியப்பூட்டும் முடிவுக்கு வந்தார். இராணுவம் இளைஞருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கின்றது, வீதிகளை அமைக்கின்றது என்றெல்லாம் அதற்கு விளக்கம் கூறப்பட்டது. ஆனால், காரணமும் விளைவும் இங்கு இடம் மாறியிருக்கக்கூடும் எனப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். வெளிநாட்டு உதவி தாராளமாகக் கிடைத்த நாடுகள் வளர்ச்சியும் கண்டன, ஆயுதமும் வாங்கின. ஒன்று மற்றதைத் தோற்றுவித்தது என்பதற்கு அதில் சான்றில்லை. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரொபர்ட் பொலினும் அவரது சக ஆய்வாளரும் 2011இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவில் ஒரு பில்லியன் டொலரை இராணுவத்தில் செலவிட்டால் சுமார் 11,200 தொழில்களும், கல்வியில் செலவிட்டால் சுமார் 26,700 தொழில்களும் உருவாகின்றன. ஆயுத இறக்குமதி நாடுகளிலோ நிலைமை இதனினும் மோசமானதாகும். அங்கு விலை வெளிநாட்டு நாணயத்தில் வெளியேறுகின்றது. தொழில்கள் விற்பனை செய்யும் நாட்டில் உருவாகின்றன.

ஆயுதக் களைவு உண்மையில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கஸகஸ்தானை விடச் சிறந்த உதாரணத்தை நாம் காணவில்லை. 1949 ஆகஸ்ட் 29இல் சோவியத் ஒன்றியம் தனது முதலாவது அணுகுண்டை அந்நாட்டின் செமிபலாதின்ஸ்க் புல்வெளியிலேயே வெடிக்கச் செய்தது. நாற்பது ஆண்டுகளில் அங்கு 456 பரிசோதனைகள் நடைபெற்றன. சுற்றுப்புறக் கிராமங்கள் புற்றுநோயையும் பிறவிக் குறைபாடுகளையும் சுமந்தன. 1989இல் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமனோவ் தலைமையில் எழுந்த மக்கள் இயக்கத்தின் விளைவாக, 1991 ஆகஸ்ட் 29இல் அத்தளம் மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, சுமார் 1,410 அணு ஆயுதங்கள் கஸக் மண்ணில் எஞ்சியிருந்தன. அவற்றை வைத்திருக்குமாறு ஆலோசனை கூறியோரும் இருந்தனர். ஆனால், 1995 ஏப்ரலுக்குள் அனைத்தும் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டன. உல்பா உலோகத் தொழிற்சாலையில் இருந்த 600 கிலோகிராம் செறிவூட்டப்பட்ட யுரேனியம் 1994இல் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இதனால் கிடைத்த பொருளாதாரப் பயன் என்ன? கஸகஸ்தானின் செல்வத்துக்கு மூலம் எண்ணெயும் கனியங்களுமே; ஆயுதக் களைவு எண்ணெயை உற்பத்தி செய்துவிடவில்லை. எனினும், நிலத்துக்குள் இருந்த எண்ணெயை வெளிக்கொணர மூலதனமும் தொழில்நுட்பமும் தேவைப்பட்டன. 1993இல் தெங்கிஸ் எண்ணெய் வயலில் செவ்ரோன் நிறுவனத்துடன் கூட்டு முயற்சி ஆரம்பமானது. பொருளாதாரத் தடைகளுக்குள் அகப்பட்ட ஓர் அணு ஆயுத நாட்டுக்கு அத்தகைய முதலீடு அவ்வளவு இலகுவில் வந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. இன்று அந்நாடு உலகின் மிகப் பெரிய யுரேனிய உற்பத்தியாளராகும். அன்று யுரேனியம் அகற்றப்பட்ட அதே உல்பா தொழிற்சாலையில், மின்னுற்பத்திக்கான குறைசெறிவு யுரேனியத்தைச் சேமிக்கும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் வங்கி 2017இல் திறக்கப்பட்டது.

ஆனால், இக்கதைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பரிசோதனைத் தளம் மூடப்பட்டதும் அதனை நம்பியிருந்த குர்ச்சத்தோவ் நகரம் தொழிலிழந்தது. வறுமையுற்ற மக்கள் டெகலன் மலைச் சுரங்கங்களுக்குள் நுழைந்து செப்புக் கம்பிகளைக் களவாக எடுத்து விற்றனர். அச்சுரங்கங்களில் குண்டு தயாரிக்கப் போதுமான புளூட்டோனியம் கைவிடப்பட்டுக் கிடந்தது. கஸகஸ்தான், ரஷ்யா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் இணைந்து அவற்றைக் கொங்கிரீட் இட்டு மூடி முடிக்க 2012ஆம் ஆண்டு வரை சென்றது. 150 மில்லியன் டொலர் செலவாகியது. ஆயுதத்தைக் களைவதற்கும் பணம் தேவை. அதனை நம்பி வாழ்ந்தோருக்கு மாற்று வழி காட்டவும் பணம் தேவை. 'மீதம்' எனக் கணக்கிடப்படும் தொகையிலிருந்து முதலில் கழிக்கப்பட வேண்டியவை இவையாகும். சோவியத் ஆயுதத் தொழிற்சாலைகள் பலவற்றைச் சிவில் உற்பத்திக்கு மாற்றும் முயற்சி தோல்வியுற்றமைக்கும் இக்கணக்கு முன்கூட்டியே போடப்படாமையே ஒரு காரணமாகும்.

உக்ரேனைப் பற்றிய கேள்வி இங்கு எழுவது இயல்பே. 1994 டிசம்பரில் புடாபெஸ்ட் நகரில் உக்ரேனுக்கும் கஸகஸ்தானுக்கும் ஒரே வகையான பாதுகாப்பு உறுதிமொழிகள் வழங்கப்பட்டன. வழங்கியவர்களுள் ஒருவரான ரஷ்யாவே 2014இலும் 2022இலும் உக்ரேனுக்குள் படை நடத்தியது. 1948இல் இராணுவத்தையே கலைத்து, அதன் முகாமொன்றை அருங்காட்சியகமாக மாற்றிய கொஸ்டாரிக்காவும், 1955இல் நிகரகுவாவிலிருந்து ஊடுருவல் நிகழ்ந்தபோது அமெரிக்க நாடுகளின் அமைப்பின் துணையாலேயே தப்பியது. ஆகவே, அபிவிருத்திக்காக ஆயுதத்தைக் களையுமாறு ஒரு நாட்டிடம் கூறுவோர், அதன் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளனர். இதனைத் தவிர்த்துவிட்டுப் பேசும் சமாதான இலக்கியங்கள் ஏராளம். அவை வறிய நாடுகளின் தலைவர்களை ஏன் அசைப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2024இல் உலக இராணுவச் செலவு 2,718 பில்லியன் டொலராகும். அதே ஆண்டில் செல்வந்த நாடுகள் வழங்கிய அபிவிருத்தி உதவி சுமார் 212 பில்லியன் டொலர்; அதுவும் முந்திய ஆண்டை விடக் குறைந்திருந்தது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டதை அடுத்து, பாகிஸ்தான் தனது 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மொத்தச் செலவைச் சுமார் 7 வீதத்தால் குறைத்து, பாதுகாப்பு ஒதுக்கீட்டை மாத்திரம் 20 வீதத்தால் உயர்த்தியது. இந்தியாவின் பாதுகாப்பு ஒதுக்கீடு அதே நிதியாண்டில் 6.81 இலட்சம் கோடி ரூபாவாக இருந்தது. மத்திய சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடியாகும். இந்தியாவில் சுகாதாரச் செலவின் பெரும் பங்கை மாநிலங்களே ஏற்கின்றன என்பதால், இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது முழுமையான நியாயமாகாது. ஆயினும், எந்தத் திசையில் கணக்குச் சாய்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

இலங்கையின் அனுபவம் மஹ்பூபுல் ஹக்கின் முடிவை வேறொரு வகையில் உறுதிப்படுத்துகின்றது. 2009 மே மாதத்தில் போர் முடிவுக்கு வந்தது. சமாதானத்தின் இலாபப் பங்கு விரைவில் கிட்டும் என்ற எதிர்பார்ப்பு வடக்கிலும் தெற்கிலும் நிலவியது. ஆனால், பாதுகாப்பு அமைச்சு அதன் பின்னரும் பல ஆண்டுகள் மிகப் பெரிய ஒதுக்கீடுகளைப் பெறும் அமைச்சுகளுள் ஒன்றாகவே நீடித்தது. அச்செலவின் பெரும் பகுதி சம்பளமும் ஓய்வூதியமுமாக இருந்தமையால், துப்பாக்கிகள் மௌனமான பின்னரும் அதனைக் குறைக்க எந்த அரசாங்கமும் துணியவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அறிவித்தது. அதன் பின்னர்தான், 2023 ஜனவரியில், 200,783 ஆக இருந்த இராணுவத்தின் ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைக்கும் தீர்மானம் வெளியிடப்பட்டது. போர் முடிந்து ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கழிந்து, அதுவும் கடன் நெருக்கடியின் நிர்ப்பந்தத்தால் வந்த குறைப்பு இது. இராணுவத்தில் சேர்ந்தோரில் பெரும்பாலானோர் கிராமப்புற வறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் எந்தத் தொழிலுக்குப் பயிற்றப்படுவார்கள், மீதமாகும் பணம் எந்த அமைச்சின் எந்தத் தலைப்பின் கீழ் பதியப்படும் என்ற கேள்விகள், ஆளணி எண்ணிக்கையைப் போன்று திட்டவட்டமாக வரவு செலவுத் திட்டத்தில் இன்னும் இடம்பெற வேண்டியுள்ளன.