தோற்றவனுக்கும் ஒரு படம்

காரியவட்டம் நண்பர்களே, கழக்கூட்டத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கிறோம். அவ்வூர்ப் பெயர் தாங்கிய பிள்ளையை அறிவோமா? எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவர் அவர். 1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மர் அவர்களை ஒழித்தார்; வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்பர். சி. வி. இராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டுப் புதினமும், அதிலிருந்து எடுத்த 1933-ஆம் ஆண்டு ஊமைப்படமும் மன்னர் பக்கமே.

அண்மையில் 'கிரேசி ஹார்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் (1996) பார்த்தேன். 1876-இல் கஸ்டரின் படையை முறியடித்த லகோட்டா வீரர் அவர். மறு ஆண்டு சரணடைந்து, சிறையிட முயன்றபோது குத்துண்டு மாண்டார். ஐயமற்ற நிழற்படம்கூட இல்லை. ஆனால் அவருடைய தோழர் ஹீ டாக் 1930-இல் நினைவுகளைச் சொன்னார். கேட்டு எழுத ஆளிருந்தது. கழக்கூட்டத்துப் பிள்ளையின் வீட்டாரிடம் யார் கேட்டார்? இப்பக்கம் குளம் எதைக் கண்டாலும் சற்று நின்றுவிடுகிறேன்.