கேட்பதும் உடைமையும்: மலையக இளைஞரின் இன்றைய இசைநுகர்வு

கலைவரலாற்றை ஆராய்வோர் படைப்பாளியைப் பற்றியும் படைப்பைப் பற்றியும் பேசுமளவிற்கு, அப்படைப்பு எத்தகைய கருவியின் வழியாக, எவ்வகை உடைமை உறவுகளின் கீழ் மக்களை வந்தடைகிறது என்பது பற்றிப் பேசுவதில்லை. இளைஞர் கையடக்கத் தொலைபேசியில் பாட்டுக் கேட்பதைப் பண்பாட்டுச் சீரழிவெனக் கடிந்துரைப்போரும், கலை சனநாயகமயமாகிவிட்டதென வியந்துரைப்போரும் இவ்வினாவை ஒருசேரத் தவிர்த்துவிடுகின்றனர். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகச் சென்றடையும் டயகம போன்ற தேயிலைத் தோட்டப்பகுதியொன்றை மனங்கொண்டு இதனை நோக்குவது பயனுடையதாகும்.

பெருந்தோட்ட வாழ்வில் இசை ஆரம்பத்திலிருந்தே முரண்பட்ட இரு பணிகளை ஆற்றிவந்துள்ளது. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் தப்பு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குத் தோட்டத்தைத் திரட்டியதும் தப்பே. துரையின் ஆணையும் உழைப்போரின் கொண்டாட்டமும் ஒரே தோற்கருவியில் ஒலித்தன. 1930களில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டபோது பாட்டு அணிதிரட்டும் சாதனமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களோ, பாடுவோரும் கேட்போரும் வெவ்வேறு வகுப்பினராகப் பிரிந்திராத ஒரு நிலையைக் காட்டுகின்றன.

இப்பிரிவை வானொலி கொண்டுவந்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், திரையிசை விளம்பரத்தோடு இணைந்து ஒலித்தது. எனினும் ஒரு வீட்டு வானொலியைப் பல வீட்டார் கேட்டனர். கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி மலைச்சரிவு முழுவதற்கும் பொதுவாயிருந்தது. அதாவது, பாடும் உரிமை சுருங்கியபோதும் கேட்டல் கூட்டுச்செயலாகவே நீடித்தது. 1963 இல் ஐரோப்பாவில் அறிமுகமாகிப் பின்னர் இங்கு பரவிய ஒலிநாடாவும், அதன்பின் வந்த மெமரி காட்டும் மற்றொரு மாற்றத்தை ஏற்படுத்தின. நகரத்துக் கடையில் ஒருமுறை காசு கொடுத்துப் பதிந்துகொண்ட பாட்டு கைக்குரியதாயிற்று. அதை நண்பனுக்குக் கொடுக்கலாம். எத்தனை முறையும் கேட்கலாம்.

இன்றைய நிலை இதினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. இணையத்தில் ஓடிவரும் பாட்டு கேட்போனின் கைக்கு வருவதில்லை; கேட்கும் அனுமதி மட்டுமே வருகிறது. அந்த அனுமதி ஒவ்வொரு நாளும் 'டேட்டா'வாக விலைக்கு வாங்கப்படவேண்டும். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய வருவாயில் வாழும் குடும்பத்தின் பிள்ளை, குறிப்பிட்ட ஓரிரு செயலிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவான பொதியையே நாடுகிறான். இதன் விளைவாக, உலக இசை முழுவதும் திறந்து கிடப்பதாகச் சொல்லப்படும் காலத்தில், அவனுக்கு உலகமென்பது ஒன்றிரண்டு நிறுவனங்களின் வாயிலாகச் சுருங்குகிறது. கட்டணஞ் செலுத்தாதவன் விளம்பரத்தையும் சேர்த்தே கேட்கிறான். அவனது கவனமே அங்கு விற்பனைப் பண்டமாகிறது. தலைமுறை தலைமுறையாகத் தான் குடியிருக்கும் லயன் அறைக்கு உரித்தில்லாத ஒரு சமூகத்தின் பிள்ளை, தான் விரும்பும் பாட்டிலும் வாடகைக் குடியாகவே இருக்கிறான்.

இதனாற் காதிலே செருகும் ஒலிக்கருவியைத் தனிமனிதவாதத்தின் சின்னமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. 10க்கு 12 அடி கொண்ட லயன் அறையில் பலர் சேர்ந்து வாழும்போது, தனக்கென ஓர் அரைமணி நேரத்தைத் தேடும் இளம்பெண்ணுக்கு அதுவே கதவுள்ள அறையாகிறது. கொழும்புக் கடைகளில் வேலைக்குச் சென்ற இளைஞனுக்கு, ஊர்த் திருவிழாவின் தப்பொலியை நண்பர் அனுப்பிவைக்க அது வழி செய்கிறது. தேவை உண்மையானது, அத்தேவை இலாபத்திற்கு ஈடாக்கப்படும் முறையே விமரிசனத்திற்குரியது.

1932 இல் பெர்டோல்ட் பிரெக்ட் வானொலியைப் பற்றி எழுதுகையில், அது செய்தியை விநியோகிக்கும் கருவியாக இராமல், கேட்போனும் பேசக்கூடிய தொடர்புக் கருவியாக மாறவேண்டுமென வாதிட்டார். தொழில்நுட்ப ரீதியில் அவ்வேட்கை இன்று நிறைவேறிவிட்டது. டயகமவின் இளைஞன் ஒருவன் காமன் கூத்தைத் தன் தொலைபேசியிலேயே பதிந்து உலகின் முன் வைக்கமுடியும். ஆனால் அதனை யார் கண்ணிற் படச்செய்வது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. 2021 இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபை நிறுவனம், ஓராண்டில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாட்டின் ஒலிப்பதிவிற்கு உரிமைத்தொகை வழங்காத விதியை 2024 இல் நடைமுறைப்படுத்தியது. சிறிய சமூகங்களின் பாட்டு அக்களஞ்சியத்தில் இருக்கலாம். ஆயின் கூலி பெறாது.

எனவே கருவி கைக்கு வந்துவிட்டதைக் கொண்டு கலை மக்களுடைமையாகிவிட்டதெனக் கொள்ளலாகாது. மலையகப் பாட்டுக்களையும் கூத்துக்களையும் பதிந்து, அப்பதிவுகளைத் தோட்டப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் கட்டணமின்றிப் பிரதிசெய்யத்தக்க வகையிற் பேணுவது உடனடிச் சாத்தியமான பணியாகும். பாடியவர் பெயரும், பதிவின் உரிமை பாடிய சமூகத்திற்கே என்ற குறிப்பும் அவற்றில் இடம்பெறல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழாய்வு இதனைத் தன் எல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதின், ஏட்டுச்சுவடிகளைக் காத்த மரபுக்கு உரிமை கொண்டாடும் தகுதியை அது இழந்துவிடும்.